அஃறிணையாய் வந்தவன்

நாய் வளர்ப்பதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் நாய் இல்லாத வளவு ஏது? படலையடியில் ஒன்று படுத்திருக்கும், மிஞ்சிய சோற்றைத் தின்னும், புதியவர் வந்தாற் குரைக்கும், அவ்வளவே. ஆனால் நான் எழுதப் புகுந்தது அத்தகைய நாயைப் பற்றியன்று. ஓடுவதற்கென்றே பிறப்பிக்கப்பெற்று, ஓடுவதற்கென்றே வளர்க்கப்பெற்று, ஓட்டம் முடிந்ததும் போக்கிடமின்றி நின்ற ஒரு பந்தய நாயைப் பற்றியும், அதனோடு ஒரே கூரையின்கீழ் வாழக் கற்றுக்கொண்ட எங்கள் குடும்பத்தைப் பற்றியுமே இங்கு எழுதுகிறேன்.

1992-இல் ஊரை விட்டுப் புறப்பட்ட நான், பல இடங்களில் அலைந்தபின் 1998-இல் இலண்டன் மாநகரின் தென்பகுதியிலுள்ள ரூட்டிங்கில் வந்து குடியேறினேன். நம்மவர் பலர் வாழும் பகுதி அது. இரவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் எனக்கு வேலை. வேலைக்குப் போகும் வழியில் விம்பிள்டன் நாய்ப்பந்தய அரங்கின் பெருவிளக்குகள் வானத்தை வெளுக்கச் செய்துகொண்டிருக்கும். விம்பிள்டன் என்றதும் யாவருக்கும் ரென்னிஸ் ஆட்டமே நினைவுக்கு வரும். ஆயினும் அதே விம்பிள்டனில், சாதாரண மக்கள் மாலை வேளைகளிற் கூடி நாய்களின்மீது பணம் கட்டும் அரங்கம் ஒன்றும் நெடுங்காலம் இருந்தது.

உடன் வேலை செய்த ஆங்கில நண்பர் ஒருவர் ஒருநாள் என்னை அங்கு அழைத்துச் சென்றார். வரிசையாக ஆறு கூடுகள். அவற்றுள் ஆறு நாய்கள். சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள், கறுப்பு வெள்ளை வரி என ஆறு நிறச் சட்டைகள் அவற்றுக்கு அணிவிக்கப்பட்டிருந்தன. பொம்மை முயலொன்று பாதையோரமாக இயந்திர விசையில் விரைந்து வந்தது. அது கூடுகளைக் கடந்ததும் கதவுகள் படாரெனத் திறந்தன. அதன்பின் நான் கண்டவை நாய்கள் அல்ல, ஆறு நிறக் கோடுகள். 480 மீற்றர் தூரம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. நான் கட்டிய இரண்டு பவுணும் அத்துடன் போயிற்று. தோற்ற நாயின் இலக்கம் மாத்திரமே எனக்குத் தெரியும். அதன் பெயர் என்ன என்று கேட்க வேண்டுமென்றுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த விளையாட்டு மிகப் பழையது அன்று. அமெரிக்காவில் ஓவன் பற்றிக் ஸ்மித் என்பவர் இயந்திர முயலை அமைத்து 1919-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் இத்தகைய அரங்கொன்றைத் தொடங்கினார். இங்கிலாந்தில் முதலாவது அரங்கப் பந்தயம் 1926-ஆம் ஆண்டு யூலை 24-ஆந் திகதி மான்செஸ்ரர் நகரின் பெல் வியூவில் நடந்தது. 1929-இலும் 1930-இலும் டேர்பிப் பந்தயத்தை வென்ற 'மிக் த மில்லர்' என்ற நாய், சினிமாப் படத்திலும் தோன்றுமளவுக்குப் புகழ் பெற்றது. இறந்தபின் அதன் உடல் பாடம் செய்யப்பெற்று, ரிறிங் என்னும் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையிற் கண்ணாடிப் பெட்டியுள் வைக்கப்பட்டது.

வென்ற நாய்க்குக் கண்ணாடிப் பெட்டி கிடைத்தது. மற்றைய நாய்களுக்கு என்ன கிடைத்தது? கிறேஹவுண்ட் நாயொன்று பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் வாழக்கூடியது. பந்தய ஓட்டமோ பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடுகின்றது. எஞ்சிய காலத்துக்குச் சோறிட யார் இருக்கிறார்கள்? இங்கிலாந்தின் வடகிழக்கில், ஓட்டம் ஓய்ந்த நாய்கள் பெருந்தொகையாகக் கொன்று புதைக்கப்பட்டு வந்த செய்தி 2006-ஆம் ஆண்டு பத்திரிகையில் வெளியாகி நாட்டையே திடுக்கிடச் செய்தது. இந்நாய்களைப் பொறுப்பேற்றுக் குடும்பங்களிடம் ஒப்படைக்கும் தரும ஸ்தாபனங்கள் அதற்கு முன்பும் இருந்தன. அதன்பின் அவற்றின் பணி பெருகியது.

விம்பிள்டன் அரங்கில் கடைசிப் பந்தயம் 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25-ஆந் திகதி நடந்தது. அரங்கம் இடிக்கப்படப் போகிறது என்ற செய்தியோடு, ஓய்வுபெற்ற நாய்களுக்கு வீடு தேடும் அறிவித்தல் ஒன்றையும் பதினொரு வயதான என் மகள் எங்கோ பார்த்துவிட்டாள். அன்று தொடங்கியது வீட்டில் வழக்கு. நானும் மனைவியும் மெல்ல மெல்ல இணங்கினோம். இணங்காதவர் என் தாயார் ஒருவரே. 2001-ஆம் ஆண்டு எங்களிடம் வந்து சேர்ந்த அவருக்கு அப்பொழுது வயது எழுபத்தெட்டு.

"தம்பி, சாமியறை இருக்கிற வீட்டுக்குள்ளை நாயை விடப் போறியோ? ஊரிலை எங்கையேன் நாயை உள்ளுக்கை எடுத்தனாங்களோ?" என்று கேட்டார்.

"வைரவருக்கு வாகனம் நாய்தானே, அப்பம்மா?" என்றாள் மகள்.

"வைரவரும் வாகனத்தை வெளியிலைதான் நிப்பாட்டி வைச்சிருக்கிறார்" என்றார் அம்மா.

ஊரில் இருந்தபோது எனக்கும் ஒரு நாய் இருந்தது. வீரன் என்று பெயர். மாமா வீட்டிலிருந்து குட்டியாக நானே சாக்கிற் சுற்றிக் கொண்டுவந்து வளர்த்தேன். நான் புறப்பட்ட அன்று தெருமுனை வரை ஓடி வந்து நின்றது. 1996-இல் அம்மா எழுதிய கடிதம் ஒன்றில், வீரன் வயது போய் இறந்துவிட்டதாக ஒரு வரி இருந்தது. அதன்பின் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

தரும ஸ்தாபனத்தார் சும்மா நாயைத் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. வீட்டுக்கு வந்து தோட்டத்து வேலியின் உயரத்தைப் பார்த்தார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பகலில் நாய் எவ்வளவு நேரம் தனித்திருக்கும் என்றெல்லாம் விசாரித்தார்கள். செப்டெம்பர் மாதத்தில் நான்கு வயதுக் கரிய ஆண் நாயொன்று எங்கள் வீடு வந்து சேர்ந்தது. இங்கே ஓடும் நாய்களுட் பெரும்பாலானவை போல இதுவும் அயர்லாந்திற் பிறந்தது. இரு செவிகளின் உட்புறத்திலும் பச்சை குத்திய எழுத்துகள். பந்தயப் பத்திரங்களில் நீண்ட பெயரொன்று இருந்தாலும் கொட்டிலில் அதனைப் 'பாடி' என்றே அழைத்தார்களாம். இந்த இனம் மிக அரிதாகவே குரைக்கும். வந்து ஒரு வாரமாகியும் அதன் வாயிலிருந்து ஒரு சத்தமும் எழாததைக் கண்ட அம்மா, "வாயே திறவாத நாய்க்குப் பாடி எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள்" என்றார். அந்த வீட்டில் அதைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

எங்களுக்குப் பழக்கமான சாதாரணப் பொருள்கள் யாவும் அதற்குப் புதுமையாயின. கொட்டிலிலே பிறந்து வளர்ந்த பிராணிக்கு வீடு என்பதே தெரியாது. மாடிப்படியைக் கண்டு நடுங்கி நின்றது. நானும் மகளும் முன்னங்கால் ஒன்று, பின்னங்கால் ஒன்றாகத் தூக்கி வைத்து மூன்று நாள் பாடம் நடத்தினோம். கண்ணாடிக் கதவு இருப்பதை அறியாமல் நேரே நடந்து மூக்கை இடித்துக்கொண்டது. நிலைக்கண்ணாடியில் தன்னைக் கண்டு பின்வாங்கியது. சலவை இயந்திரம் சுழன்றால் குசினிப் பக்கம் வராது. வழுக்கும் மரத்தளத்தில், மழை நாளில் வாழைப்பழத் தோலை மிதித்தவரைப் போலக் கால்களைப் பரப்பிக்கொண்டு நின்றது. அது நன்றாக உட்கார்ந்து நாங்கள் கண்டது குறைவு. தொடைத் தசைகள் திரண்டிருப்பதால் இவ்வினத்துக்கு உட்காருதல் சுகமான காரியமன்று. நிற்கும், அன்றேற் படுக்கும்.

படுப்பதென்றால் அப்படியொரு படுக்கை! மணிக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடிய பிராணி, பகலும் இரவுமாகப் பதினாறு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கியது. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நடந்தால் அதற்குப் போதும். மற்ற நேரமெல்லாம் நான்கு கால்களையும் வானத்தை நோக்கி மடித்து, மல்லாந்து கிடக்கும். மனம் மகிழ்ந்தால் பற்களைக் கடகடவென்று அடித்துக்கொள்ளும்; முதலில் இதைக் கண்டு குளிர்காய்ச்சலோ என்று பயந்துவிட்டோம். அன்பு மிகுந்தால் நம்மேல் சாய்ந்து நிற்கும். முப்பத்துமூன்று கிலோ எடை சாயும்போது, சுவரைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் நாமும் சாயவேண்டியதுதான்.

வெளியே கூட்டிச் செல்லும்போது மாத்திரம் அதன் பழைய தொழில் எட்டிப் பார்க்கும். மோப்பத்தைவிடக் கண்ணால் இரையைத் தேடும் இனம் இது. வெகுதூரத்து மரத்தடியில் ஓர் அணில் அசைந்தாலும் போதும். உடம்பு வில்லைப்போல் இறுகிவிடும். வேலியில்லாத வெளியில் வாரை அவிழ்த்துவிடுவதென்ற பேச்சுக்கே இடமில்லை. கூப்பிட்டாற் கேட்காது, தெருவையும் வாகனத்தையும் பாராது. அதன் கழுத்து தலையைவிடப் பருத்தது. சாதாரணக் கழுத்துப்பட்டி எளிதில் நழுவிவிடும். இழுத்தால் அளவோடு இறுகும் அகன்ற பட்டியே அதற்கு ஏற்றது. உடம்பிற் கொழுப்பும் குறைவு, மயிரும் குறைவு. ஆகையாற் குளிர்காலத்தில் அதற்கு மேலங்கி வேண்டும். கெட்டுப்போயிருந்த சில பற்களைக் களைய வேண்டி வந்தபோது, மயக்கமருந்துகள் சில இவ்வினத்தின் உடலை விட்டு மெதுவாகவே நீங்கும், அதனாற் கவனம் வேண்டும் என்று மிருக வைத்தியர் எங்களுக்கு விளக்கினார்.

அம்மா இவற்றையெல்லாம் தம் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தொடவுமில்லை, விரட்டவுமில்லை. 'அது' என்றே சொல்வார். "அதுக்குத் தண்ணி வைச்சியோ?" "அதைச் சாமியறைப் பக்கம் விடாதையுங்கோ." இலக்கணப்படி அதிற் பிழையில்லை, நாய் அஃறிணைதானே.

அப்பொழுதுதான் அந்தச் சம்பவம் நடந்தது. நவம்பர் மாதம் 3-ஆந் திகதி, வெள்ளிக்கிழமை. பாடசாலை விட்டு ஓடிவந்த மகள், உறங்கிக்கொண்டிருந்த நாயின்மேல் விழுந்து அதனைக் கட்டிக்கொண்டாள். மறுகணம் ஓர் உறுமலும் அவளது அலறலும் கேட்டன. கண்ணுக்குக் கீழே கன்னத்தில் பல் கீறிய சிவந்த கோடு. தையல் போடவேண்டிய காயமன்று. ஆனால் அந்தக் கோடு ஓர் அங்குலம் மேலே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைவு எங்களை உறங்கவிடவில்லை. நாயோ மூலையில் ஒடுங்கி, தான் என்ன செய்தது என்றே அறியாததுபோல் எங்களைப் பார்த்தது.

ஸ்தாபனத்து அம்மையாருக்குத் தொலைபேசியிற் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கொட்டிலில் இந்நாய்கள் தனித்தனியாகவோ இரண்டிரண்டாகவோ உறங்குபவை. உறக்கத்தில் மனிதக்கை தம்மேற் பட்டு அறியாதவை. சில கண்ணைத் திறந்தபடியே தூங்கும். தொட்டால் விழிப்பதற்கு முன்பே வாய் முந்திக்கொள்ளும். பெயர் சொல்லி எழுப்பிய பின்பே அருகிற் செல்லவேண்டும் என்று விளக்கினார். இதனை முதலிலேயே அவர் சொல்லியிருந்தார், நாங்கள்தாம் பொருட்படுத்தவில்லை. "ஆயினும் உங்கள் பிள்ளையின் பாதுகாப்பு முக்கியம். விரும்பினால் திங்கட்கிழமை திருப்பிக் கொண்டு வாருங்கள்" என்றார். அழுதுகொண்டிருந்த மனைவி தலையசைத்தாள். திங்கட்கிழமை கொண்டுபோய் விடுவதென்று தீர்மானித்தோம்.

இடையில் ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 5-ஆந் திகதி. ஆங்கிலேயர் வாணவேடிக்கை நடத்தும் இரவு. 1605-ஆம் ஆண்டு பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி முறியடிக்கப்பட்டதைக் கொண்டாடும் நாள். எங்கள் வீட்டில் அந்த இரவு எப்பொழுதும் கொண்டாட்டமாக இருந்ததில்லை. முதல் வெடி கேட்டதும் அம்மா சாமியறைக்குட் சென்று கதவைச் சாத்திக்கொள்வார். வாணம் என்பது அவருக்குத் தெரியும்; ஆனால் உடம்புக்குத் தெரியாது. நாங்களும் அதனைப் பற்றிக் கேட்பதில்லை.

அன்றிரவு எட்டு மணியளவில் வெடிகள் உச்சமடைந்தன. நாயைக் காணவில்லை. சாமியறையைத் தட்டினேன்; அம்மாவையும் காணவில்லை. மாடிப்படியின் கீழே சப்பாத்துகளும் பழைய பெட்டிகளும் வைக்கும் சிற்றறையின் கதவு சற்றே திறந்திருந்தது. உள்ளே, பதுங்குகுழியில் இருப்பவர்போல் முழங்காலை மடக்கி அம்மா இருந்தார். அவருடைய மடியில் தலையைப் புதைத்து, எலும்பெல்லாம் குலுங்க நடுங்கிக்கொண்டு கிடந்தது நாய். தாம் போர்த்திருந்த சால்வையால் அதன் செவிகளை மூடி, மேலே தம் இரு கைகளையும் வைத்திருந்தார். இரண்டு மாதத்தில் அவர் அதனைத் தொட்டது அதுவே முதல் தடவை.

நான் வாசலில் குந்தியிருந்தேன். சற்று நேரம் கழித்து, என்னைப் பாராமலே அம்மா பேசினார்.

"வீரன் வயது போய்ச் சாகேல்லைத் தம்பி."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு ஐப்பசியிலை எல்லாரும் வெளிக்கிட்டமே, அந்த இரவு. சங்கிலியைக் கழட்டிவிட்டுச் சட்டியிலை சோறும் வைச்சிட்டுத்தான் வந்தனான். அது சோத்தைப் பாராமல் எனக்குப் பின்னாலை வந்திட்டுது. மழை. நாவற்குழிப் பாலத்தடியிலை காலெடுத்து வைக்க இடமில்லை. சனம் மிதிச்சே கொண்டுபோடும் எண்டு, வீட்டை போ, வீட்டை போ எண்டு கத்தினன். போகேல்லை. கல்லெடுத்து எறிஞ்சன். முதுகிலை பட்டுது. அப்பவும் ஓடேல்லை. நிண்டு பார்த்துக்கொண்டே நிண்டுது."

வெளியே ஒரு வாணம் வெடித்தது. நாய் இன்னும் ஆழமாக முகத்தைப் புதைத்தது. அம்மா சால்வையை இழுத்து மூடினார்.

"அடுத்த வருசம் திரும்பிப் போகேக்கை சட்டி மட்டும் கிடந்தது. உனக்கு என்னெண்டு எழுதுறது? பொய் எழுதினன்."

பிறகு, நெடுநேரம் கழித்து, "இவனைத் திருப்பி அனுப்பாதை. ஒருக்கா எறிஞ்ச கல்லுக் காணும்" என்றார்.

திங்கட்கிழமை நாங்கள் எங்கும் போகவில்லை. மாறாக, வீட்டில் ஒழுங்குகள் சில ஏற்பட்டன. நாயின் படுக்கையை நடமாட்டமில்லாத மூலைக்கு மாற்றினோம். உறங்கும்போது யாரும் தொடுவதில்லை; தூரத்தில் நின்று பெயர் சொல்லி அழைத்து, அது தலையைத் தூக்கி வாலை அசைத்த பின்பே அருகிற் போவது. இந்தச் சட்டத்தை என் மகள் ஒரு கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். விருந்தினர் குழந்தைகளோடு வந்தால் அதை உரக்க வாசித்துக் காட்டுவாள். அதன்பின் அத்தகைய விபத்து ஒருபோதும் நடக்கவில்லை. ஆயினும் சிறு குழந்தைகள் உள்ள வீட்டார், பெரியவர் பார்வையில்லாமல் குழந்தையையும் நாயையும் தனியே விடலாகாது என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்லி வைக்கிறேன்.

அன்றிரவு 'இவனை' என்று அம்மா சொன்னது அப்பொழுது என் செவியிற் படவில்லை. சில நாள் கழித்தே கவனித்தேன். "அவனுக்குக் குளிருது, போர்வை போடு." "அவன் இன்னும் சாப்பிடேல்லை." எங்கள் வீட்டில் பாடி உயர்திணை ஆகிவிட்டான். நானும் இக்கட்டுரையில் இனி அவ்வாறே எழுதுகிறேன். இலக்கண ஆசிரியர்கள் பொறுத்தருள்க. வைரவரின் வாகனம் வெளியில் நிற்கவேண்டும் என்ற வாதத்துக்கும் அம்மாவே விடை கண்டார். சொர்க்கத்தின் வாசலில், நாயை விட்டுவிட்டு வா என்றபோது தருமர் மறுத்த கதையை மகளுக்குச் சொன்னார். சாமியறைக்குள் மாத்திரம் பாடி போவதில்லை. வாசற்படியிலே தலையை வைத்துப் படுத்திருப்பான். பூசை முடிந்ததும் முதலில் எழும்புபவன் அவனே.

அதற்குப் பின் உலகமும் சிறிது மாறியிருக்கின்றது. பிரித்தானியாவில் 2020-ஆம் ஆண்டு முதல், பந்தய நாயைப் பதிவு செய்யும்போதே அதன் ஓய்வுக்காலத்துக்கென ஒரு தொகையைக் கட்டிவைக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நாய்ப்பந்தயத்தை நிறுத்தப்போவதாக நியூசீலாந்து அரசாங்கம் 2024-ஆம் ஆண்டு டிசெம்பரிலும், வேல்ஸ் அரசாங்கம் 2025-ஆம் ஆண்டிலும் அறிவித்தன. விம்பிள்டன் அரங்கம் இருந்த இடத்தில் உதைபந்தாட்ட மைதானமும் மாடிக் குடியிருப்புகளும் எழுந்துவிட்டன. அவ்வழியே நடக்கும்போது, அன்று பெயர் கேளாமல் இரண்டு பவுண் கட்டிய அந்த நாயை நினைத்துக்கொள்வேன். அது எங்கே போயிருக்கும்?

எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. பாடிக்கு வயது பன்னிரண்டு, அம்மாவுக்கு எண்பத்தாறு. கரிய முகம் வெண்ணீறு பூசியதுபோல் நரைத்துவிட்டது. மாடிப்படி இருவருக்கும் கஷ்டமாகிவிட்டபடியால் இருவரும் கீழ்த்தளத்திலேயே உறங்குகிறார்கள். மாலையில் இருவரும் தெருமுனைத் தபாற்பெட்டி வரை நடந்து திரும்புவார்கள். வாரை நான் பிடித்திருப்பேன். யார் யாருக்காக மெதுவாக நடக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. நவம்பர் 5-ஆந் திகதி இரவு மாத்திரம் மாடிப்படியின் கீழுள்ள சிற்றறையில் இரண்டு தலையணைகளை என் மகள் முன்கூட்டியே வைத்துவிடுவாள்.

வீட்டுக்கு வருபவர்கள் பாடியைப் பார்த்ததும் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இவன் எத்தனை பந்தயத்தில் வென்றவன்?" அவனது ஓட்டக் கணக்கு அச்சிட்ட கடதாசி எங்களிடம் இருக்கின்றது. ஆனால் அதை எடுத்து வர அம்மா விடுவதில்லை.

"ஓடினது காணும், பிள்ளை. இனி இருக்கட்டும்" என்பார்.